இரசாயனத் தொழிற்சாலை வேலைக்கு என்ன தெரிய வேண்டும்? திருமலைப் பிள்ளைகளுக்கு ஒரு தொடக்க விளக்கம்

உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் பிள்ளையிடம் "இதைப் படித்து என்ன வேலைக்குப் போகலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். டொக்டர், எஞ்சினியர், இல்லாவிட்டால் ரீச்சர் என்று பதில் வரும். அந்த மூன்றும் கைகூடாத பிள்ளை பாடத்தையே மூட்டை கட்டி வைத்துவிட்டு, கையில் கிடைக்கும் ஏதாவது ஒரு கோர்ஸில் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு மூன்று வருடம் கஷ்டப்பட்டுப் படித்த இரசாயனவியல் அத்தோடு சரி. இது எனக்கு உண்மையிலேயே வேதனை தரும் விஷயம். ஏனென்றால் இரசாயனத்தோடு சம்பந்தப்பட்ட இத்தனை தொழில்கள் பக்கத்திலேயே இருக்கும் ஊர் திருகோணமலை.

சீனன்குடாவில் பிரிட்டிஷார் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. மொத்தம் 99 என்று சொல்வார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கனமீற்றர் கொள்ளும். கீழ்த் தாங்கித் தொகுதியை 2003 முதல் லங்கா ஐஓசி நடத்துகிறது. இயந்திரங்களுக்கு இடும் மசகு எண்ணெய் கலக்கும் ஆலையும் அங்கே இருக்கிறது. அதே குடாவின் கரையில் டோக்கியோ சீமெந்து ஆலை, கப்பலில் வரும் கிளிங்கரை (சூளையில் சுட்டெடுத்த சீமெந்துக் கட்டிகள்) ஜிப்சத்தோடு சேர்த்து அரைக்கிறது. பிரிமாவின் மாவு ஆலையும் அந்தப் பக்கம்தான். வடக்கே போனால் புல்மோட்டையில் கனிய மணல். கந்தளாயில் குளத்து நீரைக் குடிநீராக்கும் சுத்திகரிப்பு நிலையம். இத்தனைக்கும் ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் எல்லோரும் பட்டதாரிகள் இல்லை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். இரசாயனத் தொழில் என்றதும் வெள்ளைக் கோட்டும் கலர் கலரான திரவமும்தான் பலருக்கு ஞாபகம் வரும். உண்மையில், ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றும் இடமும், ஆபத்தான பொருளைப் பெரிய அளவில் சேமித்து, கலந்து, ஏற்றி இறக்கும் இடமும் இதற்குள் அடங்கும். உரம், பெயின்ற், சவர்க்காரம், இறப்பர், எரிபொருள், குடிநீர், சீமெந்து எல்லாமே இதில் வரும். இப்படி ஒரு இடத்தில் நான்கு வகையான ஆட்கள் வேலை செய்வார்கள். திட்டமிடும் எஞ்சினியரும் இரசாயனவியலாளரும் ஒரு பக்கம். ஆலையை இரவு பகலாக ஓட்டும் ஒப்பரேட்டர்கள் இன்னொரு பக்கம். மாதிரி எடுத்துப் பரிசோதிக்கும் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்கள். பம்ப், வால்வு, மீற்றர், மின்சாரம் பார்க்கும் திருத்துநர்கள். முதல் வகைக்கு ஒருவர் இருந்தால் மற்ற மூன்று வகைக்கும் பலர் தேவைப்படுவார்கள். நம் வீடுகளில் பேசப்படுவதோ அந்த முதல் வகையைப் பற்றி மட்டும்தான்.

சரி, பாடசாலையில் படித்த இரசாயனவியல் இந்த வேலைக்குப் போதாதா? அது அத்திவாரம். ஆனால் ஆய்வுகூடத்தில் நடப்பது ஆலையில் அப்படியே நடக்காது. வீட்டில் நாலு பேருக்குச் சோறு ஆக்கத் தெரிந்தவரிடம் கோயில் அன்னதானத்து அண்டாவை ஒப்படைத்தால் என்ன ஆகும்? அடி பிடிக்கும், நடு வேகாது, இறக்கி வைத்த பிறகும் சூடு தணியாது. இதற்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. 1 லீற்றர் பாத்திரத்தை அதே வடிவத்தில் 1000 லீற்றராகப் பெரிதாக்கினால், உள்ளே இருக்கும் பொருள் 1000 மடங்காகும். சூட்டை வெளியே விடும் சுவரின் பரப்பு 100 மடங்குதான் ஆகும். அதனால் முகவையில் லேசாகச் சூடாகி அடங்கிவிடும் தாக்கம், பெரிய தொட்டியில் கட்டுக்கடங்காமல் கொதித்தெழலாம். அமிலத்தைத்தான் நீரில் மெதுவாக விட வேண்டும், நீரை அமிலத்தில் விடக் கூடாது என்று பாடசாலையில் சொல்லித் தருகிறார்கள். ஆலையில் அதற்கு மேலும் கேள்விகள் வரும். எவ்வளவு வேகத்தில் விடுவது? கலக்கி ஓடுகிறதா? குளிர்நீர் திறந்திருக்கிறதா? வெப்பநிலை எத்தனை பாகைக்கு மேல் போனால் நிறுத்த வேண்டும்? இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழகுவதுதான் பயிற்சியின் பெரும் பகுதி.

இங்கே 'தேர்ச்சி' என்ற சொல் வருகிறது. தொழிற்கல்வியில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. பாடத்தை ஞாபகம் வைத்திருப்பது தேர்ச்சி ஆகாது. சரியான நேரத்தில், சரியான முறையில், பிறர் பார்த்து உறுதிசெய்யும்படி செய்து காட்ட முடிவதுதான் தேர்ச்சி.

சாதாரண தரப் பரீட்சைக்கு எல்லோரும் படித்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். இரும்பு துருப்பிடிக்க என்னென்ன வேண்டும்? நீரும் ஒட்சிசனும். எழுதினால் புள்ளி கிடைக்கும். இப்போது வெறுமையாக்கி, மூடி, மாதக் கணக்கில் கிடக்கும் ஓர் இரும்புத் தாங்கிக்கு வாருங்கள். உள்ளே எண்ணெய் இல்லை, வாயு இல்லை. சுத்தம் செய்ய ஒருவர் இறங்கப் போகிறார். பயிற்சி இல்லாதவருக்கு அது வெறும் தாங்கி. பயிற்சி பெற்றவருக்கோ உடனே ஒரு யோசனை வரும்: சுவர் முழுக்கத் துரு, துரு வர ஒட்சிசன் வேண்டும், அந்த ஒட்சிசன் எங்கிருந்து வந்திருக்கும்? உள்ளே அடைபட்டிருந்த காற்றிலிருந்துதான். சாதாரண காற்றில் 20.9 வீதம் ஒட்சிசன் இருக்கிறது. 19.5 வீதத்துக்குக் கீழே போனால் அந்த இடத்துக்குள் இறங்கக் கூடாது என்பது பரவலாகக் கைக்கொள்ளப்படும் எல்லை. கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. அதனால் முதலில் வாயுமானியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் இறக்கிப் பார்ப்பார்கள். காற்றூதி போடுவார்கள். வாசலில் ஒருவர் நின்றுகொண்டே இருப்பார். உள்ளே இருப்பவர் மயங்கி விழுந்தாலும் அந்த வாசல்காரர் தானாக உள்ளே குதிக்கக் கூடாது. மனிதருக்கு இதைக் கற்றுக்கொடுப்பதுதான் மிகக் கடினம். 2018 ஏப்ரலில் ஹொரணைப் பக்கம் இறப்பர் தொழிற்சாலை ஒன்றில் அமோனியா இருந்த குழிக்குள் ஒருவர் விழுந்ததும், காப்பாற்றப் போனவர்கள் உட்பட 5 பேர் உயிரிழந்தார்கள். உதவ ஓடுவது மனித இயல்பு. அந்த இயல்பை ஒரு கணம் நிறுத்தி, அலாரத்தை அழுத்தி, சுவாசக் கருவியோடு வருபவரை அழைக்கும் பழக்கம் புத்தகத்தால் வராது. ஒத்திகை பார்த்துப் பார்த்துத்தான் வரும்.

எரிபொருள் பவுசர் நிரப்பும் இடத்தையும் கொஞ்சம் பாருங்கள். பவுசர் வந்து நின்று எஞ்சின் நின்றதும், குழாயை மாட்டுவதற்கு முன்பே புவித்தொடுப்புக் கம்பியின் கவ்வியைப் பவுசரின் உலோகத்தில் மாட்டுவார்கள். பெற்றோல் குழாயில் ஓடும்போது நிலைமின் சேரும். அது பொறியாகப் பாய்ந்தால் போதும், மேலே நிற்கும் ஆவி பற்றிக்கொள்ளும். அப்புறம் நிரப்பத் தொடங்கும்போது மெதுவாக, செக்கனுக்கு 1 மீற்றருக்கு மேல் போகாத வேகத்தில்தான் விடுவார்கள். குழாயின் வாய் திரவத்துக்குள் மூழ்கிய பிறகே வேகம் கூட்டலாம். தெறித்து விழும் திரவத்தில் மின்னேற்றம் அதிகமாகச் சேரும் என்பதுதான் காரணம். பௌதிகவியலில் படித்த நிலைமின்னியல் வேலைத்தலத்தில் ஒரு கவ்வியாகவும் ஒரு வேக எல்லையாகவும் மாறி நிற்கிறது. காரணம் தெரிந்தவர், அவசரமான நாளிலும் கவ்வியை மாட்டாமல் வேலை தொடங்க மாட்டார். "மாட்டு என்றார்கள், மாட்டுகிறேன்" என்பவர் ஒருநாள் விட்டுவிடுவார்.

ஆய்வுகூட வேலை இன்னொரு விதம். குளத்து நீரைச் சுத்திகரிக்கும் இடங்களில் ஜார் பரிசோதனை என்று ஒன்று செய்வார்கள். மழை பெய்து குளம் கலங்கிவிட்டால் நேற்றுப் போட்ட படிகார அளவு இன்று போதாது. ஆறு முகவைகளில் ஒவ்வொரு லீற்றர் நீர் எடுத்து, படிகாரத்தை லீற்றருக்கு 10, 20, 30 மில்லிகிராம் என்று கூட்டிக்கொண்டே விடுவார்கள். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, பிறகு கால் மணித்தியாலம் அல்லது இருபது நிமிடம் மெதுவாகச் சுற்றவிடுவார்கள். மெதுவாகச் சுற்றும்போதுதான் பஞ்சு போன்ற திரள்கள் உருவாகத் தொடங்கும். வேகம் கூடினால் அவை உடைந்துவிடும். பிறகு அசையாமல் விட்டு, படிந்ததும் மேல்நீரின் கலங்கலை மீற்றரில் அளப்பார்கள். எது மிகக் குறைந்த படிகாரத்தில் நன்றாகத் தெளிந்ததோ அதுதான் அன்றைய அளவு. கூடப் போட்டால் இன்னும் தெளியும் என்று நினைக்க வேண்டாம். அளவு மீறினால் திரள்கள் சரியாகச் சேராமல் நீர் மறுபடி கலங்கலாம். நீரின் அமிலத்தன்மையும் கூடும், அதைச் சரிக்கட்டச் சுண்ணாம்பு வேண்டும். இதற்குப் பட்டம் தேவையில்லை. சுத்தமான கை, பொறுமை, பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் நேர்மை ஆகிய மூன்றும் வேண்டும். செயன்முறைப் பாடத்தில் அளவியில் 24.60 என்று வந்ததை, பக்கத்து மேசைக்காரனின் 25.00க்குப் பொருந்த மாற்றி எழுதும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. ஆசிரியர்களும் சிலவேளை கண்டுகொள்வதில்லை. ஆய்வுகூட வேலைக்குப் போக நினைப்பவர் முதலில் விட வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான்.

சீமெந்து ஆலை ஆய்வுகூடத்திலும் இப்படித்தான். கிளிங்கரோடு ஜிப்சம் சேர்ப்பது சீமெந்து சட்டென்று இறுகாமல் இருக்க. எவ்வளவு நேரத்தில் இறுகுகிறது என்று விக்காற் ஊசியால் பார்ப்பார்கள், கனசதுரம் வார்த்து 28 நாள் கழித்து உடைத்து வலிமை பார்ப்பார்கள்.

பயிற்சியில் குறைத்து மதிப்பிடப்படும் ஒரு பகுதி, எழுதுவதும் வாசிப்பதும். ஒவ்வோர் இரசாயனத்தோடும் பாதுகாப்புத் தரவுத்தாள் ஒன்று வரும். வேலைத்தலங்களில் எஸ்டிஎஸ் அல்லது எம்எஸ்டிஎஸ் என்பார்கள். உலகம் முழுக்க அதற்கு ஒரே அமைப்பு, 16 பகுதிகள். முதலுதவி 4ஆம் பகுதியில், தீயணைப்பு 5இல், கையாளும் முறை 7இல், அணிய வேண்டிய பாதுகாப்பு உடை 8இல். இந்த ஒழுங்கு மனதில் இருந்தால் அவசரத்தில் தாளைப் புரட்டித் தேட வேண்டியதில்லை. தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். திருமலையில் ஒரே ஷிப்டில் தமிழும் சிங்களமும் பேசுவோர் சேர்ந்து வேலை செய்வார்கள். ஆகவே 4ஆம், 8ஆம் பகுதிகளையாவது இரு மொழியிலும் எழுதி இரசாயனம் இருக்கும் இடத்திலேயே மாட்டுவது நிறுவனத்தின் கடமை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். புரியாத மொழியில் மாட்டிய எச்சரிக்கை எச்சரிக்கையே இல்லை.

ஷிப்ட் மாறும்போது பதிவேட்டில் எழுதுவதும் இதே முக்கியத்துவம் உள்ளது. 1988 யூலை 6ஆம் திகதி வடகடலில் பைப்பர் அல்ஃபா என்ற எண்ணெய் மேடை வெடித்து 167 பேர் இறந்தார்கள். பகல் ஷிப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைத் திருத்தவென்று கழற்றியிருந்தார்கள். அந்தச் செய்தி இரவு ஷிப்டுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. மற்றப் பம்ப் நின்றதும் அவர்கள் இதை இயக்கினார்கள். திருத்த வேலைக்கு அனுமதிச் சீட்டு, வால்வுக்குப் பூட்டு, பூட்டில் பெயர் அட்டை, கைமாறும்போது நேருக்கு நேர் நின்று சொல்வது என்று இன்று கற்பிக்கப்படும் நடைமுறைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி உயிர்கள் இருக்கின்றன.

இதையெல்லாம் எங்கே கற்பது? இலங்கையில் தேசிய தொழில் தகைமை என்று ஒரு முறை உண்டு. எல்லோரும் என்விகியூ என்றே சொல்கிறோம். 1 முதல் 7 வரை மட்டங்கள். 4 வரை சான்றிதழ். 5, 6 டிப்ளோமா. 7 பட்டத்துக்குச் சமம். தனித்து நின்று பொறுப்போடு வேலை செய்யும் தேர்ச்சியாளரை 4ஆம் மட்டம் காட்டும். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுதான் இதற்குப் பொறுப்பு. திருமலையில் தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைட்டா என்னும் தேசிய பயிலுநர், கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை, உயர் தொழில்நுட்ப நிறுவனம் எல்லாமே இருக்கின்றன. எந்த வருடம் எந்தப் பாடநெறி நடக்கிறது என்பதை நேரில் போய்க் கேளுங்கள். ஆய்வுகூடப் பக்கம் விருப்பம் உள்ளவர்கள் இராஜகிரியவில் இருக்கும் இலங்கை இரசாயனவியல் நிறுவனத்தின் ஆய்வுகூடத் தொழில்நுட்ப டிப்ளோமாவைப் பற்றி விசாரிக்கலாம். 1941இல் ஒரு சங்கமாகத் தொடங்கிய பழைய அமைப்பு அது.

நம் பக்கம் அதிகம் நடப்பவை வெல்டிங், மின்சாரம், குழாய் பொருத்துதல் போன்ற பாடநெறிகள். அவை வீண் இல்லை. ஆலைகளுக்கு இவர்கள் எல்லோரும் வேண்டும். ஆனால் வீட்டு வயரிங் மட்டும் தெரிந்த ஒருவரை எரிபொருள் ஆவி நிற்கும் இடத்துக்கு அனுப்ப முடியாது. அங்கே சாதாரண சுவிட்சே தீப்பொறிதான். இந்தத் தொழில்களோடு இரசாயனப் பாதுகாப்பை ஒரு தனிப் பாடமாகச் சேர்த்தால், புதிதாகக் கட்டடம் கட்டாமலே நம் மாவட்டத்துக்குத் தேவையான ஆட்களில் பாதிப் பேரை உருவாக்கிவிடலாம் என்பது என் கருத்து.

ஜேர்மனியில் இரசாயன ஆலை ஒப்பரேட்டர் ஆக மூன்றரை வருடப் பயிலுநர் காலம் உண்டு. வாரத்தில் சில நாள் தொழிற்கல்விப் பாடசாலை, மிச்ச நாள் ஆலை. இந்தியாவில் ஐடிஐ நிலையங்களில் இரசாயன ஆலை ஒப்பரேட்டர், ஆலை ஆய்வுகூட உதவியாளர் என்று தனித்தனிப் பிரிவுகளே இருக்கின்றன. இரண்டு நாடுகளிலும் இதைத் தனித் தொழிலாக மதிக்கிறார்கள். பட்டப்படிப்புக்குப் போக முடியாதவர் ஒதுங்கும் இடமாக நினைப்பதில்லை.

புல்மோட்டை மணலைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். இல்மனைட், ரூட்டைல், சேர்க்கன் என்று பிரித்து ஏற்றுமதி செய்கிறோம். இல்மனைட்டில் இருந்துதான் பெயின்றுக்கும் பிளாஸ்ரிக்குக்கும் வெண்மை தரும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு எடுக்கிறார்கள். "மணலை விற்கிறோம், பெயின்றை வாங்குகிறோம், அதை இங்கேயே செய்தால் என்ன?" என்று ஊரில் அடிக்கடி கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதைச் செய்வதற்குரிய முறைகளில் ஒன்றில் மணலைச் செறிந்த சல்பூரிக் அமிலத்தோடு சூடாக்கிக் கரைக்க வேண்டும். மற்றதில் உயர்ந்த வெப்பநிலையில் குளோரின் வாயு. முதல் முறையில் இரும்புச் சல்பேற்றும் பாவித்த அமிலமும் பெருமளவில் மிஞ்சும். அதை நம் கடலில் விட முடியாது. இயந்திரத்தை வெளிநாட்டில் வாங்கி இரண்டு வருடத்தில் பூட்டிவிடலாம். அமிலத்தோடும் குளோரினோடும் ஷிப்ட் ஷிப்டாக வேலை செய்யும் நூற்றுக்கணக்கான தேர்ந்த கைகளை உருவாக்க அதைவிடக் கூடக் காலம் எடுக்கும். ஆகவே ஆலை வரட்டும், பிறகு ஆளைப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது.

உருவான தேர்ச்சி தொலைந்து போவதையும் இந்தப் பக்கம் பார்த்திருக்கிறது. பரந்தனில் உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரினும் செய்த ஆலை போரோடு நின்றது. கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை 1990களில் மூடப்பட்டது. சீனி காய்ச்சும்போது பளிங்கு எந்த நேரத்தில் கட்டத் தொடங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லும் ஆட்கள் ஒவ்வொரு சீனி ஆலையிலும் இருப்பார்கள். ஆலை மூடினால் அந்த அறிவை வாங்கிக்கொள்ள அடுத்த தலைமுறைக்கு ஆள் இருக்காது.

ஒரு பயிற்சி நிலையத்தில் சேருவதற்கு முன் சில விஷயங்களைக் கேளுங்கள். எத்தனை மாதம் உண்மையான வேலைத்தலத்தில் பயிற்சி? எந்த நிறுவனத்தில்? சான்றிதழ் என்விகியூ மட்டத்தோடு வருமா, இல்லை நிலையத்தின் சொந்தச் சான்றிதழா? ஒரு பம்பையும் வால்வையும் நானே கழற்றிப் பூட்ட விடுவீர்களா, பார்க்க மட்டும்தானா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒன்று: ஆய்வுகூடத்திலும் கட்டுப்பாட்டறையிலும் தேவைப்படுவது உடல்பலம் இல்லை, கவனம். இரவு ஷிப்டுக்குப் போக்குவரத்து உண்டா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். அது கேட்க வேண்டிய கேள்விதான். அதற்காகப் பிள்ளையை ஆரம்பத்திலேயே மறிக்க வேண்டாம்.

ஏற்கெனவே ஆலையில் 'ஹெல்ப்பர்' என்ற பெயரில் வருடக் கணக்காக ஒப்பரேட்டர் வேலையே பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணாமார் பலர் இருக்கிறார்கள். மறுபடி வகுப்பில் போய் உட்காராமலே என்விகியூ எடுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை என்று அதைச் சொல்வார்கள். தங்கள் தொழிலுக்குத் தேர்ச்சி நியமம் (என்னென்ன செய்து காட்டத் தெரிய வேண்டும் என்ற வரையறை) இருக்கிறதா என்று முதலில் நைட்டாவிலோ தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ கேட்க வேண்டும். இருந்தால் சேவைக் கடிதம், செய்த வேலைகளின் விபரம், இருக்கிற சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டு விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டாளர் வேலையைச் செய்யச் சொல்லிப் பார்ப்பார், இடையிடையே "ஏன் இதை முதலில் செய்தீர்கள்?" என்று கேட்பார். பதிலைத் தமிழிலேயே சொல்லலாம்.